டேபிளை மொத்தமாகக் காலி செய்ய வேண்டுமா? டெலீட் அடிப்பதற்கு முன் இதைப் படியுங்கள்

லட்சக்கணக்கில் ரெக்கார்டு இருக்கிற டேபிளில் "டெலீட் ஃப்ரம் புக்கிங்ஸ்;" என்று அடித்துவிட்டு, எப்போது முடியும் என்று திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். டேபிள் அப்படியே இருக்க வேண்டும், காலம் (டேபிளின் நெடுவரிசை), இண்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் அட்டவணை), ஃபாரின் கீ (ஒரு டேபிள் இன்னொன்றைச் சுட்டும் இணைப்பு) எதுவும் கலையக்கூடாது, உள்ளே இருக்கிற டேட்டா மட்டும் துடைத்தாற்போல் போக வேண்டும், அதுவும் சீக்கிரம். டெஸ்ட் டேட்டாபேஸைக் காலி செய்து மறுபடி நிரப்புவது, ராத்திரி லோடுக்கு முன் ஸ்டேஜிங் டேபிளை (வருகிற டேட்டாவைத் தற்காலிகமாக இறக்கிவைக்கும் இடத்தை) துடைப்பது, வருஷக்கணக்கில் வீங்கிப்போன ஆடிட் டேபிளை ஒழிப்பது என்று இந்தத் தேவை யாருக்கும் வரும்.

பதில் ஒரே வரிதான்: ட்ரங்கேட் டேபிள். சிக்கல் என்னவென்றால் அந்த ஒரு வரி டேட்டாபேஸ் மென்பொருளுக்கு மென்பொருள் மாறும்: போஸ்ட்கிரெஸில் ஒரு மாதிரி, மைஎஸ்க்யூஎல்லில் ஒரு மாதிரி, ஆரக்கிளில் இன்னொரு மாதிரி நடந்துகொள்ளும். எஸ்க்யூஎல் (டேட்டாபேஸிடம் பேசுகிற மொழி) தரநிலைக்குள் அது வந்ததே 2008 பதிப்பில்தான், அதற்குள் ஆளாளுக்குத் தோன்றியபடி செய்துவைத்துவிட்டார்கள். வேகமும் பாதி நேரம் கமாண்டைப் பொறுத்ததில்லை. அந்த டேபிளை வேறு யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், வேறு எந்த டேபிள் அதைச் சுட்டிக்கொண்டிருக்கிறது, இந்த இரண்டைப் பொறுத்தது.

உதாரணத்துக்கு ஒரு பஸ் டிக்கெட் டேட்டாபேஸை வைத்துக்கொள்வோம். ரூட்ஸ், ட்ரிப்ஸ், பாசெஞ்சர்ஸ், புக்கிங்ஸ், சீட்ஸ், பேமெண்ட்ஸ் என்று டேபிள்கள். ட்ரிப்ஸ் ரூட்ஸைச் சுட்டும், புக்கிங்ஸ் ட்ரிப்ஸையும் பாசெஞ்சர்ஸையும் சுட்டும், சீட்ஸும் பேமெண்ட்ஸும் புக்கிங்ஸைச் சுட்டும். கமாண்டுகளை உச்சரிக்கிறபடி எழுதியிருக்கிறேன், நீங்கள் வழக்கம்போல் ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை: எந்த சர்வரில் இருக்கிறீர்கள்?

சிரிக்க வேண்டாம். டெஸ்ட் என்று நினைத்து ப்ரொடக்ஷனை (நிஜமாகவே பயன்பாட்டில் இருப்பதை) காலி செய்த கதை இந்தத் தொழிலில் ஊருக்கு ஊர் உண்டு. போஸ்ட்கிரெஸில் "செலக்ட் கரண்ட்_டேட்டாபேஸ்(), இனெட்_சர்வர்_அட்ர்();" என்றும், மைஎஸ்க்யூஎல்லில் "செலக்ட் டேட்டாபேஸ்(), @@ஹோஸ்ட்நேம்;" என்றும் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். ஸ்கிரிப்டாக எழுதினால் இந்தச் சோதனையையே முதல் வரியாக வையுங்கள், பெயர் பொருந்தாவிட்டால் அங்கேயே நின்றுவிடட்டும். பேக்கப் இருக்கிறதா என்று கேட்பது மட்டும் போதாது, அதை எங்காவது ரீஸ்டோர் செய்து பார்த்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள்.

டெலீட் ஏன் இழுக்கிறது

டெலீட் ஒவ்வொரு ரெக்கார்டாகத்தான் போகும். போஸ்ட்கிரெஸில் அது ரெக்கார்டை உண்மையில் அழிப்பதே இல்லை, "இது செத்தது" என்று ஒரு குறி போட்டுவிட்டு, அந்தக் குறியையும் ட்ரான்சாக்ஷன் லாகில் (மாற்றங்களைக் குறித்துவைக்கும் பதிவேட்டில்) எழுதிவிட்டு அடுத்ததற்குப் போகும். செத்ததைப் பெருக்கி அள்ளுவது பின்னாடி வருகிற வேக்யூமின் வேலை. மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபியில் (அதன் வழக்கமான சேமிப்பு இன்ஜினில்) ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் அண்டூ லாகில் பதிவு, ஆரக்கிளில் அண்டூவும் (மாற்றத்தைத் திருப்ப) ரீடூவும் (மறுபடி செய்ய), எஸ்க்யூஎல் சர்வரில் ட்ரான்சாக்ஷன் லாக் வீங்குவது. எங்கே போனாலும் கணக்கு ஒன்றுதான்: ரெக்கார்டு எத்தனையோ அத்தனை வேலை.

ஆனால் ஒரு டெலீட் மணிக்கணக்கில் நிற்கிறது என்றால் பெரும்பாலும் காரணம் இது எதுவும் இல்லை, ஃபாரின் கீ. புக்கிங்ஸில் ஒரு ரெக்கார்டை எடுக்கும்போது "சீட்ஸில் இதைச் சுட்டுகிற ரெக்கார்டு ஏதாவது இருக்கிறதா" என்று டேட்டாபேஸ் பார்த்தே தீர வேண்டும். சீட்ஸில் புக்கிங்_ஐடி காலத்துக்கு இண்டெக்ஸ் இல்லாவிட்டால், ஒவ்வொரு புக்கிங்குக்கும் சீட்ஸ் டேபிள் முழுவதையும் தலையிலிருந்து கால்வரை படிக்கும். இரண்டு லட்சம் புக்கிங் என்றால் இரண்டு லட்சம் தடவை. இன்னோடிபி அந்த இண்டெக்ஸைத் தானே போட்டுவிடும், போஸ்ட்கிரெஸும் ஆரக்கிளும் எஸ்க்யூஎல் சர்வரும் போடாது, நாம்தான் போட வேண்டும். டெலீட்டே செய்தாக வேண்டிய கட்டாயம் இருந்தால் முதலில் அந்த இண்டெக்ஸை உருவாக்குங்கள், பாதி பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

ட்ரங்கேட் ரெக்கார்டைத் தொடுவதே இல்லை. கணக்கு நோட்டில் ஒவ்வொரு வரியாக அடித்துக்கொண்டிருப்பதற்குப் பதில் புது நோட்டு ஒன்றை எடுத்து வைத்துவிடுவது மாதிரி, போஸ்ட்கிரெஸ் அந்த டேபிளுக்கும் அதன் இண்டெக்ஸ்களுக்கும் புதிய காலி ஃபைல்களைக் கொடுத்துவிட்டு, பழைய ஃபைல்களை கமிட் ஆனதும் (மாற்றம் உறுதியானதும்) தூக்கிப்போடும். ஆயிரம் ரெக்கார்டாக இருந்தாலும் கோடி ரெக்கார்டாக இருந்தாலும் கிட்டத்தட்ட ஒரே நேரம்தான், டிஸ்க் இடமும் உடனே திரும்பக் கிடைத்துவிடும்.

அதற்கு விலையும் உண்டு. ரெக்கார்டைத் தொடாததால் டெலீட் ட்ரிகர் (ரெக்கார்டு அழியும்போது தானே ஓடும் நிரல்) எதுவும் ஓடாது, ஆகவே "யார் எதை அழித்தார்கள்" என்று ஆடிட் டேபிளில் எழுதுகிற ட்ரிகர் உங்களிடம் இருந்தால் அதில் ஒன்றும் பதிவாகாது. எத்தனை ரெக்கார்டு போனது என்ற கணக்கும் வராது. மைஎஸ்க்யூஎல் "0 ரோஸ் அஃபெக்டட்" என்று சொல்வதைப் பார்த்து வேலை நடக்கவில்லை என்று மறுபடி மறுபடி அடிக்க வேண்டாம், நடந்துவிட்டது. ஃபாரின் கீயை ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வழியில்லாததால், வேறு டேபிள் சுட்டினாலே மொத்தமாக முடியாது என்று மறுத்துவிடும், அந்த டேபிள் காலியாக இருந்தாலும்கூட.

போஸ்ட்கிரெஸ்

இங்கேதான் ட்ரங்கேட் நல்ல பிள்ளை, ஏனென்றால் ட்ரான்சாக்ஷனுக்குள் (மொத்தமாக ஏற்கவோ கைவிடவோ கூடிய கமாண்டுத் தொகுப்புக்குள்) வைத்து ரோல்பேக் செய்ய, அதாவது பழையபடி திருப்ப, முடியும். ஆகவே எப்போதும் இப்படித்தான் அடிக்க வேண்டும்:

பிகின்;
செட் லோக்கல் லாக்_டைம்அவுட் = '3s' (மூன்று விநாடி);
ட்ரங்கேட் டேபிள் சீட்ஸ், பேமெண்ட்ஸ், புக்கிங்ஸ் ரீஸ்டார்ட் ஐடென்டிட்டி;
செலக்ட் கவுண்ட்(*) ஃப்ரம் பாசெஞ்சர்ஸ்;
கமிட்;

ஒரே கமாண்டில் மூன்று டேபிளையும் சேர்த்துக் கொடுத்திருப்பதைக் கவனியுங்கள். புக்கிங்ஸை மட்டும் கொடுத்தால் சீட்ஸும் பேமெண்ட்ஸும் சுட்டுகிறது என்று எரர் வரும். சுட்டுகிற டேபிள்கள் எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் கொடுத்துவிட்டால் எந்த வரிசையில் எழுதினாலும் கவலை இல்லை. "ரீஸ்டார்ட் ஐடென்டிட்டி" போட்டால் ஐடி மறுபடி 1 முதல் தொடங்கும், போடாவிட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரும், அதுதான் இங்கே வழக்கமான நடத்தை. கமிட்டுக்கு முன் பாசெஞ்சர்ஸை எண்ணிப் பார்ப்பது, போகக்கூடாதது போகவில்லை என்று உறுதி செய்துகொள்ள.

பட்டியல் எழுத சோம்பேறித்தனப்பட்டு "கேஸ்கேட்" என்று போடுகிறவர்கள் உண்டு. அங்கேதான் ஆபத்து. டெலீட்டில் வருகிற "ஆன் டெலீட் கேஸ்கேட்" வேறு, இது வேறு. ட்ரங்கேட் கேஸ்கேட் என்றால், சுட்டுகிற டேபிளில் சம்பந்தப்பட்ட ரெக்கார்டு மட்டும் போகும் என்று அர்த்தமில்லை, அந்த டேபிளே முழுசாகக் காலியாகும், அதைச் சுட்டுகிற டேபிளும், அதைச் சுட்டுகிறதும் என்று சங்கிலியாக. உதாரணமாக, பாசெஞ்சர்ஸில் "பிடித்த ரூட்" என்று ஒரு காலம் இருக்கிறது, பெரும்பாலானவர்களுக்கு அது நல்தான் (மதிப்பே இல்லை என்று அர்த்தம்), ரூட்ஸை அழித்தால் நல் ஆகட்டும் என்று "ஆன் டெலீட் செட் நல்" என்றுகூட பத்திரமாக எழுதி வைத்திருக்கிறீர்கள். "ட்ரங்கேட் ரூட்ஸ் கேஸ்கேட்" அதையெல்லாம் கண்டுகொள்ளாது. பாசெஞ்சர்ஸ் மொத்தமும் காலி. எந்தெந்த டேபிளுக்குப் பரவுகிறது என்று நோட்டீஸ் வரும், ஆகவே பிகின் போட்டு அடித்து, நோட்டீஸைப் படித்து, ரோல்பேக் செய்து, அந்தப் பெயர்களைக் கையால் எழுதிய பட்டியலோடு மறுபடி அடிப்பதுதான் என் பழக்கம். ப்ரொடக்ஷனில் கேஸ்கேட் என்ற வார்த்தையை நான் டைப் செய்வதே இல்லை.

அந்த முதல் அடியை ப்ரொடக்ஷனில் அல்லாமல் ஒரு காப்பியில் செய்யுங்கள். ரோல்பேக் செய்தாலும் அதுவரை எல்லா டேபிளும் பூட்டிக்கிடக்கும். அந்தப் பூட்டு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ட்ரங்கேட் தொங்கி நிற்கிறது, என்ன செய்வது?

கண் இமைக்கும் நேரத்தில் முடிய வேண்டிய ட்ரங்கேட் பத்து நிமிஷமாக அசையாமல் இருந்தால், அது வேலை செய்யவில்லை, காத்துக்கொண்டிருக்கிறது. போஸ்ட்கிரெஸில் ட்ரங்கேட்டுக்கு இருப்பதிலேயே கடுமையான பூட்டு தேவை, அக்சஸ் எக்ஸ்க்ளூசிவ். சாதாரண செலக்ட் ஓடிக்கொண்டிருந்தாலும் அது கிடைக்காது. செலக்ட் ஓடி முடிந்திருந்தாலும், அந்த ட்ரான்சாக்ஷன் மூடப்படாவிட்டால் கிடைக்காது.

வழக்கமாக நடப்பது இது. யாரோ ஒருவர் டிபீவர் என்ற டேட்டாபேஸ் டூலில் ஆட்டோ கமிட்டை அணைத்து வைத்துவிட்டு, மத்தியானம் புக்கிங்ஸில் ஒரு செலக்ட் ஓட்டிப் பார்த்துவிட்டு, ஜன்னலை மூடாமல் டீ குடிக்கப் போயிருப்பார். நீங்கள் ட்ரங்கேட் அடிக்கிறீர்கள், அது அவருக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறது. அதோடு போகாது. உங்கள் ட்ரங்கேட் வரிசையில் நிற்பதால், அதற்குப் பின்னால் வருகிற ஒவ்வொரு செலக்ட்டும் உங்களுக்குப் பின்னால் நிற்கும். அப்ளிகேஷனின் கனெக்ஷன் பூல் (தயாராக வைத்திருக்கிற கனெக்ஷன்களின் தொகுப்பு) நிரம்பும், வெப்சைட் படுத்துவிடும், இத்தனைக்கும் ஒரு ரெக்கார்டுகூட இன்னும் அழியவில்லை. அதனால்தான் மேலே லாக்_டைம்அவுட்டை மூன்று விநாடிக்கு வைத்தது. அதன் இயல்பு மதிப்பு 0, அதாவது காலமெல்லாம் காத்திரு என்று அர்த்தம். மூன்று விநாடியில் பூட்டு கிடைக்காவிட்டால் எரர் வாங்கிக்கொண்டு ஒதுங்கி, கொஞ்சம் பொறுத்து மறுபடி முயல்வதுதான் மரியாதை.

யார் பிடித்திருக்கிறார்கள் என்று பார்க்க இன்னொரு விண்டோவில்:

செலக்ட் பிஐடி, பிஜி_பிளாக்கிங்_பிஐடிஸ்(பிஐடி), ஸ்டேட், குவெரி ஃப்ரம் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி;

உங்கள் ட்ரங்கேட் வரியில் எந்த எண் தடுக்கிறது என்று தெரியும், அந்த எண்ணுக்கு உரிய வரியில் ஸ்டேட் "ஐடில் இன் ட்ரான்சாக்ஷன்" என்று இருந்தால் மேலே சொன்ன டீ பார்ட்டிதான். அவரைக் கூப்பிட்டு கமிட் அடிக்கச் சொல்லுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் "பிஜி_டெர்மினேட்_பேக்எண்ட்" இருக்கிறது. "பிஜி_கேன்சல்_பேக்எண்ட்" இங்கே உதவாது, ஓடாத குவெரியை எப்படி ரத்து செய்வது? இன்னொன்று, பேக்கப் எடுக்கிற பிஜி_டம்ப்பும் முடியும்வரை எல்லா டேபிளின்மீதும் லேசான பூட்டு ஒன்றை வைத்திருக்கும். ராத்திரி இரண்டு மணிக்குப் பேக்கப்பும் இரண்டு மணிக்கே ஸ்டேஜிங் ட்ரங்கேட்டும் என்று கிரானில் (நேரம் குறித்து வேலைகளை ஓட்டும் டூலில்) போட்டிருந்தால் ஏன் தொங்குகிறது என்று ஆச்சரியப்பட வேண்டாம்.

மைஎஸ்க்யூஎல்லில் இதே கூத்து "வெயிட்டிங் ஃபார் டேபிள் மெட்டாடேட்டா லாக்" என்ற பெயரில் "ஷோ ப்ராசஸ்லிஸ்ட்"டில் தெரியும். அங்கே லாக்_வெயிட்_டைம்அவுட்டின் இயல்பு மதிப்பு 31536000 விநாடி. கணக்குப் போட்டால் ஒரு வருஷம்! யார் யோசித்தார்களோ. "செட் செஷன் லாக்_வெயிட்_டைம்அவுட் = 5;" என்று முதலிலேயே போட்டுவிடுங்கள். ஆரக்கிள் நேர்மாறு, பூட்டு கிடைக்காவிட்டால் ஓஆர்ஏ-00054 என்று அந்த நொடியே மூஞ்சியில் அடிக்கும், காத்திருக்க வேண்டுமென்றால் டிடிஎல்_லாக்_டைம்அவுட்டை நாம் ஏற்ற வேண்டும். எஸ்க்யூஎல் சர்வரில் "செட் லாக்_டைம்அவுட் 3000", மில்லி விநாடிக் கணக்கில்.

மைஎஸ்க்யூஎல், மரியாடிபி

இங்கே ரோல்பேக் என்ற பேச்சுக்கே இடமில்லை. ட்ரங்கேட் ஒரு டிடிஎல் கமாண்ட் (டேபிளின் அமைப்பை மாற்றும் வகை), அடித்ததும் தானே கமிட் ஆகிவிடும். அதைவிட மோசம், அதற்கு முன் அதே ட்ரான்சாக்ஷனில் நீங்கள் செய்து வைத்திருந்த மற்ற மாற்றங்களும் சேர்ந்து கமிட் ஆகிவிடும். போஸ்ட்கிரெஸில் பழகிவிட்டு இங்கே வருகிறவர்கள் மாட்டிக்கொள்வது இதில்தான். டெலீட் உரிமை இருந்தால் போதாது, ட்ராப் உரிமை வேண்டும், ஏனென்றால் உள்ளுக்குள் அது டேபிளை ட்ராப் செய்து புதிதாக உருவாக்குவதற்குச் சமம். ஆட்டோ இன்க்ரிமெண்ட்டும் தொடக்கத்துக்குப் போய்விடும், வேண்டாம் என்று சொல்ல வழியில்லை, பழைய எண்ணிலிருந்தே தொடர வேண்டுமென்றால் எண்ணைக் குறித்துவைத்துக்கொண்டு பிறகு ஆல்டர் டேபிளில் கொடுக்க வேண்டும்.

ஒரு கமாண்டுக்கு ஒரு டேபிள்தான், கேஸ்கேட்டும் கிடையாது. ஃபாரின் கீ தடுத்தால் எல்லாரும் செய்வது:

செட் ஃபாரின்_கீ_செக்ஸ் = 0;
ட்ரங்கேட் டேபிள் சீட்ஸ்;
ட்ரங்கேட் டேபிள் பேமெண்ட்ஸ்;
ட்ரங்கேட் டேபிள் புக்கிங்ஸ்;
செட் ஃபாரின்_கீ_செக்ஸ் = 1;

இது அந்த செஷனுக்கு மட்டும். ஆகவே ஒரு கனெக்ஷனில் செக்கை அணைத்துவிட்டு, பூலில் இருந்து வருகிற இன்னொரு கனெக்ஷனில் ட்ரங்கேட் அடித்தால் எரர்தான் வரும். மறுபடி 1 ஆக்கும்போது ஏற்கெனவே இருக்கிற டேட்டாவை மைஎஸ்க்யூஎல் சரிபார்க்காது என்பதையும் மனதில் வையுங்கள். பேமெண்ட்ஸை ட்ரங்கேட் செய்ய மறந்துவிட்டால், அப்பன் இல்லாத பிள்ளைகளாக அந்த ரெக்கார்டுகள் அப்படியே கிடக்கும், புதிய புக்கிங் 1 முதல் எண் வாங்க ஆரம்பித்ததும் யாரோ கட்டிய பழைய பணம் வேறு யாருடைய டிக்கெட்டிலோ போய் ஒட்டிக்கொள்ளும். இந்த மாதிரி பிழையைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆகும்.

ஓடிக்கொண்டிருக்கிற சிஸ்டத்தில் பெரிய லாக் டேபிளைக் காலி செய்ய எனக்குப் பிடித்த வழி வேறு. "கிரியேட் டேபிள் ஆடிட்_புது லைக் ஆடிட்;" என்று காலி நகல் ஒன்று எடுத்து, "ரினேம் டேபிள் ஆடிட் டு ஆடிட்_பழசு, ஆடிட்_புது டு ஆடிட்;" என்று ஒரே வரியில் மாற்றிவிடுவது. இரண்டு பெயர் மாற்றமும் ஒன்றாக நடக்கும், நடுவில் டேபிள் இல்லை என்று எந்தக் குவெரியும் விழாது. பழசை இரண்டு நாள் வைத்திருந்து, யாரும் அழவில்லை என்றால் ட்ராப் செய்யலாம். "லைக்" ஃபாரின் கீயையும் ட்ரிகரையும் நகல் எடுக்காது, ஆகவே அவை இல்லாத லாக் டேபிளுக்குத்தான் இது சுலபம்.

எல்லா டேபிளையும் ஒரே அடியாக

பட்டியலைக் கையால் எழுத முடியாத அளவுக்கு டேபிள் இருந்தால், டேட்டாபேஸையே கேட்டு கமாண்டைத் தயாரிக்கலாம். மைஎஸ்க்யூஎல்லில் இன்ஃபர்மேஷன்_ஸ்கீமா.டேபிள்ஸில் டேபிள்_டைப் "பேஸ் டேபிள்" என்று இருப்பதை மட்டும் எடுத்து (இல்லாவிட்டால் வியூவும், அதாவது டேபிள் மாதிரி சேமித்துவைத்த குவெரியும், வந்துவிடும்) கான்கேட் போட்டு ட்ரங்கேட் வரிகளாக அச்சடித்துக்கொள்ளுங்கள். போஸ்ட்கிரெஸில் பிஜி_டேபிள்ஸில் ஸ்கீமாநேம் "பப்ளிக்" என்று இருப்பவற்றை ஸ்ட்ரிங்_ஏஜிஜி கொண்டு கமாவால் கோத்தால் ஒரே ட்ரங்கேட்டில் முடிந்துவிடும், பெயர்களை கோட்_ஐடென்ட்டுக்குள் போட மறக்க வேண்டாம், பெரிய எழுத்தில் பெயர் வைத்த டேபிள் எங்காவது ஒன்று இருக்கத்தான் செய்யும்.

தயாரான கமாண்டை அப்படியே ஓட்டாமல் ஒருமுறை கண்ணால் படியுங்கள். அதில் மைக்ரேஷன் டேபிள் (டேபிள் அமைப்பு மாற்றங்களில் எவை ஏற்கெனவே ஓடிவிட்டன என்ற பதிவு) ஒளிந்திருக்கும்: ஜாங்கோ என்றால் ஜாங்கோ_மைக்ரேஷன்ஸ், ரெயில்ஸ் என்றால் ஸ்கீமா_மைக்ரேஷன்ஸ், ஃப்ளைவே என்றால் ஃப்ளைவே_ஸ்கீமா_ஹிஸ்டரி, அலெம்பிக் என்றால் அலெம்பிக்_வெர்ஷன். அதைக் காலி செய்துவிட்டால் அடுத்த டிப்ளாயில் எல்லா மைக்ரேஷனும் முதலிலிருந்து ஓடப் பார்த்து, டேபிள் ஏற்கெனவே இருக்கிறது என்று முதல் வரியிலேயே விழும். ரூட்ஸ், மாவட்டங்கள், வரி விகிதம் போன்ற மாஸ்டர் டேபிள்களையும் விலக்குங்கள்.

டெஸ்ட் டேட்டாபேஸ் என்றால் இவ்வளவு பாடே வேண்டாம் என்பேன். போஸ்ட்கிரெஸில் டேபிள்கள் மட்டும் உள்ள, மாஸ்டர் டேட்டா நிரப்பிய ஒரு டேட்டாபேஸை டெம்ப்ளேட்டாக வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது பழசை ட்ராப் செய்துவிட்டு "கிரியேட் டேட்டாபேஸ் பஸ்_டெஸ்ட் டெம்ப்ளேட் பஸ்_மூலம்;" என்று புதிதாக எடுத்துக்கொள்ளலாம், மூலத்தில் யாரும் கனெக்ட் ஆகி இருக்கக்கூடாது, அவ்வளவுதான். ஒவ்வொரு டெஸ்டுக்கும் நடுவே துடைக்க வேண்டுமென்றால் டெஸ்டையே ஒரு ட்ரான்சாக்ஷனுக்குள் ஓட்டி ரோல்பேக் செய்வது இன்னும் மேல். ஆச்சரியமான ஒன்று: பத்து இருபது ரெக்கார்டு மட்டும் இருக்கிற சின்ன டேபிள்களுக்கு போஸ்ட்கிரெஸில் டெலீட்டே ட்ரங்கேட்டைவிட வேகம். ட்ரங்கேட் ஒவ்வொரு டேபிளுக்கும் ஒவ்வொரு இண்டெக்ஸுக்கும் புது ஃபைல் உருவாக்கிப் பழசை அழிக்க வேண்டும், டெலீட் பத்து குறி போட்டுவிட்டு வந்துவிடும். நூறு டேபிளை டெஸ்டுக்கு டெஸ்ட் ட்ரங்கேட் செய்து, ஏன் மெதுவாக இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

ஆரக்கிள், எஸ்க்யூஎல் சர்வர், எஸ்க்யூலைட்

ஆரக்கிளிலும் ட்ரங்கேட் டிடிஎல்தான், ரோல்பேக் கிடையாது. ஆனால் இங்கே ட்ரங்கேட்டுக்குக் கூடுதல் காரணம் ஒன்று உண்டு. டெலீட் போட்டு எல்லாவற்றையும் அழித்த பிறகும் "செலக்ட் கவுண்ட்(*)" பழையபடியே இழுத்து, கடைசியில் 0 என்று சொல்லும். டேபிள் ஒருகாலத்தில் எதுவரை நிரம்பியிருந்ததோ அந்த ஹை வாட்டர் மார்க் இறங்கவே இல்லை, அதுவரை படித்தே தீரும். ட்ரங்கேட் அதைக் கீழே இறக்கிவிடும். உடனே மறுபடி நிரப்பப்போகிறீர்கள் என்றால் "ரீயூஸ் ஸ்டோரேஜ்" சேர்த்தால் இடத்தைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொள்ளும். ஃபாரின் கீ தடுத்தால் ஓஆர்ஏ-02266 வரும், கான்ஸ்ட்ரெயின்ட்டை டிசேபிள் செய்துவிட்டு அடிக்கலாம். 12சி முதல் கேஸ்கேட்டும் உண்டு, ஃபாரின் கீயை "ஆன் டெலீட் கேஸ்கேட்" என்று அமைத்திருந்தால் மட்டும். போஸ்ட்கிரெஸைவிட இது நியாயமான விதி.

எஸ்க்யூஎல் சர்வரில் ட்ரங்கேட்டை ரோல்பேக் செய்ய முடியும், முடியாது என்று சொல்கிறவர்கள் முயன்று பார்த்ததில்லை. ஆனால் ஃபாரின் கீ விஷயத்தில் இதுதான் எல்லாவற்றிலும் கறார்: டிசேபிள் செய்தாலும் போதாது, கான்ஸ்ட்ரெயின்ட்டையே ட்ராப் செய்து பிறகு போட வேண்டும். அவ்வளவு தூரம் போகாமல், யாரும் சுட்டாத கடைசிப் பிள்ளை டேபிள்களான சீட்ஸ், பேமெண்ட்ஸை ட்ரங்கேட் செய்துவிட்டு, மேலே உள்ள புக்கிங்ஸை டெலீட் செய்வது நடைமுறைக்கு எளிது. டெலீட் ஐடென்டிட்டியைத் தொடாது என்பதால் பிறகு "டிபிசிசி செக்ஐடென்ட்" கொண்டு ரீசீட் 0 கொடுக்க வேண்டும். டெலீட் செய்த டேபிளில் 0 கொடுத்தால் அடுத்த ஐடி 1 வரும், ட்ரங்கேட் செய்த டேபிளில் அதே 0 கொடுத்தால் அடுத்த ஐடி 0 என்றே வரும். ட்ரங்கேட் தானே ரீசெட் செய்துவிடுவதால் அங்கே கையை வைக்காமல் இருப்பது நல்லது.

எஸ்க்யூலைட்டில் ட்ரங்கேட் என்ற கமாண்டே இல்லை. தேவையும் இல்லை, வேர் என்ற நிபந்தனை இல்லாமல் "டெலீட் ஃப்ரம் புக்கிங்ஸ்" என்று அடித்தால், ட்ரிகர் இல்லாத டேபிளாக இருந்தால் அதுவே உள்ளுக்குள் மொத்தமாகத் துடைத்துவிடும். ஃபைல் அளவு குறைய வேக்யூம் ஓட்ட வேண்டும். ஆட்டோ இன்க்ரிமெண்ட் பயன்படுத்தியிருந்தால் எஸ்க்யூலைட்_சீக்வென்ஸ் டேபிளில் அந்தப் பெயருள்ள வரியையும் அழியுங்கள்.

எல்லாம் போகட்டும், இது மட்டும் இருக்கட்டும்

உண்மையில் "எல்லாவற்றையும் அழி" என்று வருகிற வேலைகளில் பாதி "கடைசி மூன்று மாசத்தை மட்டும் விட்டுவிட்டு" என்று முடியும். இருக்க வேண்டியது கொஞ்சம், போக வேண்டியது மலை என்றால், இருக்க வேண்டியதை ஒரு தற்காலிக டேபிளுக்கு எடுத்து, அசலை ட்ரங்கேட் செய்து, திரும்ப இன்செர்ட் செய்யுங்கள். போஸ்ட்கிரெஸில் மூன்றையும் ஒரே ட்ரான்சாக்ஷனில் அடக்கலாம், எடுப்பதற்கு முன்பே டேபிளைப் பூட்டிவிட்டால் நடுவில் வருகிற புது புக்கிங் தொலையாது. டேபிளை நிறுத்தவே முடியாது என்றால் சின்னச் சின்னதாக டெலீட் செய்வதுதான் வழி. மைஎஸ்க்யூஎல்லில் "டெலீட் ... லிமிட் 5000", எஸ்க்யூஎல் சர்வரில் "டெலீட் டாப் (4000)", போஸ்ட்கிரெஸில் டெலீட்டுக்கு லிமிட் கிடையாது என்பதால் உள்ளே ஒரு செலக்ட் வைத்து அதில் லிமிட் கொடுக்க வேண்டும். எஸ்க்யூஎல் சர்வரில் 5000க்குக் கீழே வைப்பதற்குக் காரணம், கிட்டத்தட்ட அந்த அளவைத் தாண்டினால் தனித்தனிப் பூட்டுகளை விட்டுவிட்டு டேபிளையே பூட்டப் பார்க்கும். இந்த வேலை மாசாமாசம் வருகிறதென்றால் டேபிளை மாசவாரியாகப் பார்ட்டிஷன்களாக (தனித்தனித் துண்டுகளாக) பிரித்துவிடுங்கள், அதன் பிறகு பழைய பார்ட்டிஷனை ட்ராப் செய்வது ட்ரங்கேட் அளவுக்கே சுலபம்.

காலி செய்த பிறகு

டெலீட் வழியில் போயிருந்தால் டிஸ்க் இடம் பெரும்பாலும் தானாகத் திரும்பாது, போஸ்ட்கிரெஸில் வேக்யூம் ஃபுல், மைஎஸ்க்யூஎல்லில் ஆப்டிமைஸ் டேபிள் ஓட்ட வேண்டும், இரண்டும் டேபிளைத் திரும்ப எழுதுகிற வேலை, நேரம் பார்த்து ஓட்டுங்கள். மறுபடி டேட்டா நிரப்பியதும் அனலைஸ் ஓட்டாவிட்டால், டேபிள் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது என்ற நினைப்பிலேயே ப்ளானர் (குவெரியை எப்படி ஓட்டுவது என்று முடிவு செய்யும் பகுதி) தப்பான திட்டம் போடலாம்.

கடைசியாக, ஐடியை 1 முதல் தொடங்க வைத்திருந்தால் டேட்டாபேஸுக்கு வெளியே போய்ப் பாருங்கள். ரெடிஸ் கேஷில் "புக்கிங்:1" என்ற கீயில் பழைய டிக்கெட் உட்கார்ந்திருக்கும், எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் சர்வரில் அதே எண்ணில் பழைய பெயர் இருக்கும், அப்லோட் ஃபோல்டரில் 1.பிடிஎஃப் என்று யாரோ ஒருவரின் ரசீது இருக்கும். அவற்றையும் சேர்த்துத் துடைக்க முடியாது என்றால், ஐடி விட்ட இடத்திலிருந்தே தொடரட்டும், போஸ்ட்கிரெஸில் அதற்கு நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம், ரீஸ்டார்ட் ஐடென்டிட்டி என்பதை எழுதாமல் விட்டாலே போதும்.